எட்டாவது பச்சை உருண்டை

ஒரு கம்பளிநூல் கடையில், ஒரே தொட்டிச் சாயத்தில் முங்கி எழுந்த எட்டுப் பச்சை உருண்டைகள் இருந்தன. ஸ்வெட்டர் பின்ன ஒருத்தி எட்டையும் கேட்டபோது, கடைக்குட்டி மட்டும் ஊசிக்குப் பயந்து அலமாரிக்குப் பின்னால் உருண்டு ஒளிந்துகொண்டது. அண்ணன்மார் ஏழு பேரும் போனார்கள்.

மார்கழியில் அவள் ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டரோடு திரும்பி வந்தாள். கடையில் இருந்த வேறெந்தப் பச்சையும் அதன் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை.

"மொத்தத்தையும் பிரிச்சிட வேண்டியதுதான்" என்றாள்.

"ஐயோ, நான் இங்கதான் இருக்கேன்!" என்று கடைக்குட்டி கத்தியது. நூலின் குரல் மனுஷக் காதில் எங்கே விழும்?

போகிக்குக் கடையைக் கூட்டியபோது, அது தூசியோடு வெளியே வந்தது.

மேசைமேல் இருந்த கத்தரிக்கோல் அதை ஏற இறங்கப் பார்த்தது. "உடம்புல ஒரு ஊசிகூடப் படலையே. கொடுத்துவச்சவன்டா நீ!"

கடைக்குட்டிக்கோ, பின்னப்படாத அந்தக் கை வலித்துக்கொண்டே இருந்தது.