கருவாட்டு வாடை

"அல்லாஹ்வே, இது என்ன நாத்தம்!" காரை விட்டு இறங்கிய றுமைஸா மிஸ் மூக்கைப் பொத்தினார்.

மனேஜர் அத்தாஉல்லா ஓடிவந்து கார்க் கதவைச் சாத்தினார். பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டு வாயுவைக் காற்றிலிருந்து பிடிக்கும் அவருடைய மெஷினைப் பார்க்கக் கொழும்பு வங்கி அனுப்பிய பொறியியலாளர் இவர். இவர் கையெழுத்துப் போட்டால் பாலாவிக் கடற்களப்பின் கரையோரம் இன்னும் நாற்பது மெஷின் எழும்பும். போடாவிட்டால் மனேஜர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வெள்ளை மணிகள்ல அமைன் எண்ட மருந்தப் பூசித்தானே வாயுவப் பிடிக்கிறீங்க?" என்றார் மிஸ். "அந்தப் பூச்சு கெட்டா மீன் வாடைதான் அடிக்கும். பத்து வருஷம் உழைக்கும் எண்டு எழுதியிருக்கீங்க. ஆறு மாசத்திலயே கெட்டுப்போச்சா?"

"சீச்சீ! எங்கட பூச்சாவது, கெடுறதாவது! இது பக்கத்துக் கருவாட்டு வாடி, மிஸ்." வேலிக்கு அப்பால், தென்னங்கிடுகு போட்டு மூடிய மீன் காயவைக்கும் பரண்களைக் காட்டினார்.

ஆள் லேசுப்பட்டவரா? அந்த வாடிக்காரி ஜுனைதாவைக் கிளப்ப மூன்று மாதமாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டவர். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவள் அவள். இந்த வாடிதான் அவளுக்குச் சோறு. பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட மனுசனுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? கடிதம் எழுத நேரமிருந்தது, வேலியை எட்டிப் பார்க்கத்தான் நேரமில்லை.

இன்றைக்கு மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வேலியடிக்கே போனார். பரண்களைச் சுற்றி ஒரு காகம்கூட இல்லை. ஜுனைதா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க ராத்தா! உலகத்துக் காத்த நாங்க சுத்தம் செய்ய, நீங்க ஊரையே நாறடிக்கிறீங்க. வெக்கமா இல்லையா?"

ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கூட்டத் தொடங்கினாள். மனேஜருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

"பாத்தீங்களா மிஸ், மறுத்து ஒரு வார்த்தை பேச முடியல்ல!"

றுமைஸா மிஸ்ஸின் முகம் தெளிந்தது. கோப்பைத் திறந்து பேனையை எடுத்தார்.

"அப்ப கருவாடுதான். நான் வீணாப் பயந்துட்டேன்." வேலிப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ராத்தா, வந்ததுக்குக் கட்டாக் கருவாடு ஒரு கிலோ தாங்களேன், வீட்டுக்குக் கொண்டு போக."

ஜுனைதா மனேஜரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கருவாடு எங்க மிஸ் ஈக்கிது? மனேஜர் சேர்ட கடிதத்துக்குப் பயந்து, ரெண்டு கிழமைக்கு முந்தியே எல்லாத்தையும் கற்பிட்டிக்கு ஏத்திட்டேனே!"