வெள்ளைக்கோடு இரண்டான நாள்

ஹெலிகாப்டரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் பயமென்றால் சிவப்புக்கோடு ஒன்றிடம்தான். முள்ளை மூடிய கண்ணாடிமேல் தீட்டிய எல்லை அது. தாண்டினால் எஞ்சின் கருகிவிடும்.

கண்ணாடியின் ஓரத்தில், பாதி கண்ணாடியிலும் பாதி அதைச் சுற்றிய சட்டத்திலுமாக ஒரு சின்ன வெள்ளைக்கோடும் இருந்தது. "வெட்டியா நிக்கிறியே, உனக்கு இங்க என்ன வேலை?" என்று சிவப்பு அதை அடிக்கடி சீண்டும். வெள்ளை பதில் சொல்லாது.

ஒருநாள் மலைக்காற்றின் குலுக்கலில் கண்ணாடி மெல்லத் திரும்பியது. அதோடு சிவப்புக்கோடும் மேலே தள்ளிப்போனது. ஏறிக்கொண்டிருந்த முள்ளுக்கு மூச்சு முட்டியது.

"அண்ணே, இதுக்கு மேல வேண்டாம்போல இருக்கே."

"இன்னும் ரெண்டு நூல் இடம் கிடக்கு தம்பி, பயப்படாம ஏறு," என்றது சிவப்பு. அது பொய் சொல்லவில்லை. தான் நகர்ந்தது அதற்கே தெரியாது.

"நான் ரெண்டா உடைஞ்சு நிக்கிறேன்," என்றது வெள்ளை, முதன்முறையாக.

விமானி வழக்கம்போல முதலில் வெள்ளையைத்தான் பார்த்தார். முகம் மாறியது. எஞ்சினைத் தணித்து, ஹெலிகாப்டரை அடிவாரத்து வெளியில் இறக்கிவிட்டார்.

சிவப்புக்கு மனசு ஆறவில்லை. "நான் இருக்கும்போது அவனை எதுக்குப் பார்க்கணும்?"

முள் சூடு தணிந்து கீழே சரிந்துகொண்டே சொன்னது:

"நீங்க இருக்க வேண்டிய இடத்துல இருக்கீங்களான்னு பார்க்கத்தான் அண்ணே."