முள் இல்லாத தூண்டில்

அவன் நிமிர்ந்து பார்த்தபோது மகள் அலைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

மஞ்சள் நிறக் காற்றுப் படுக்கையில் குப்புறப் படுத்து, இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இறுகப் பற்றியிருந்தாள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அறுபது மீட்டர் இருக்கும். அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எழுபது ஆகிவிட்டது.

மனைவி போட்ட கூச்சலில் மச்சினன் படகுத்துறையைப் பார்த்து ஓடினான். துறை அரை மைல் தள்ளி. படகு வருவதற்குள் அவள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவாள்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. பத்து வருடமாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன், முழங்காலுக்கு மேல் ஒரு நாளும் கடலை நம்பியதில்லை.

மணலில் நட்டிருந்த மச்சினனின் தூண்டில் கம்பைப் பிடுங்கினான். போன மாதம் வாங்கிய பெரிய ரீல். முந்நூறு மீட்டர் நூல், தூர வீச்சுக்கென்றே செய்தது, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதன் பெருமையைச் சொல்லியாகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மணல் நறநறத்தது. நூலை விடுவிக்கிற கம்பி வளையம் உப்பேறி இறுகி, பாதியில் நின்றுவிட்டது.

"கழுவித் தொலைடான்னா கேட்டானா!"

அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தான்.

பழைய ரீல். அளவிலும் ஒரு படி சின்னது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, நூல் உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பான். பெற்ற பிள்ளையைக்கூட ஒரு நாள் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று மனைவி எத்தனையோ முறை குத்திக் காட்டியிருக்கிறாள். இப்போது வளையம் ஒரு விரலுக்கு டக்கென்று திறந்தது.

முள்ளைக் கத்தியால் அறுத்தான். முள் படுக்கையில் பட்டால் காற்று போய்விடும். அவள் மேல் பட்டால் என்ற நினைப்பை அவன் முடிக்கவில்லை. நுனியில் கனத்த நைலானும் ஈயக்குண்டும் மட்டும் மிஞ்சின.

நூற்றிருபது கிராம் ஈயம். அது அவள் தலையில் விழுந்தாலும் போதும்.

முதல் வீச்சில் அவன் கையே அவனுக்கு எதிராகத் திரும்பியது. குண்டு அவளுக்கு வெகு தூரம் இடப்பக்கமாகப் போய் விழுந்தது. பயந்த கை என்று அவனுக்கே தெரிந்தது. வெறி பிடித்தவன்போல் சுற்றி நூலை இழுத்தான்.

இரண்டாவது வீச்சு நேராகத்தான் போனது, எட்டவில்லை.

தொண்ணூறு மீட்டர். ரீலில் இருப்பதே நூற்றிருபதுதான். மகள் தலையைத் தூக்கி ஏதோ கத்தினாள். வாய் அசைவது தெரிந்தது, குரலைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மனைவி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதறினான். இடுப்பளவுத் தண்ணீர் வரை போய், மூச்சைப் பிடித்து, கம்பு முறிந்தாலும் முறியட்டும் என்று வீசினான்.

குண்டு அவளைத் தாண்டி விழுந்தது. நைலான் படுக்கையின் குறுக்கே படிந்தது.

"குண்டைப் பிடிச்சு இழு! கைப்பிடிக்குள்ள விட்டு சுத்து! நல்லா சுத்து!"

அவன் குரலைக் காற்று அவளிடம் சேர்த்தது. அவள் ஒரு கையை விட்டாள். படுக்கை சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது. அந்தச் சின்னக் கை நூலைத் தடவித் தடவி குண்டைக் கண்டுபிடிக்கும்வரை அவன் மூச்சு விடவில்லை. ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை இறுக்கி வைத்தால் அலை இழுக்கும்போது கைப்பிடி பிய்ந்துவிடும். தளர்த்தினால் கடல் கொண்டுபோகும். அலை இழுத்தபோது நூலை விட்டுக்கொடுத்தான். அலை தளர்ந்தபோது பின்னால் நடந்து இழுத்து, முன்னால் வந்து சுற்றினான். ஒரு இடத்திலும் ரீல் திக்கவில்லை. ஒரு மீட்டர் போனால் இரண்டு மீட்டர் வந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு அவனால் சொல்ல முடியவில்லை.

மணலில் படுக்கை தட்டியதும் மனைவி ஓடிப்போய் மகளை அள்ளினாள். முதுகில் இரண்டு அறை வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வந்து ரீலைத் தொட்டுப் பார்த்தார். "வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும்யா" என்றார். அதற்குள் கூடிவிட்டவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள்.

மனைவி மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினாள். "யாரைக் கேட்டுடி போனே?"

மகள் அம்மாவின் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"யாரையும் கேக்கலம்மா."

அவள் கேட்டிருந்தாள். கம்பை மடியில் கிடத்தி, மூடியைக் கழற்றி, அவன் ரீலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று இரண்டு தடவை கேட்டாள். மணலில் விழுந்துவிடக் கூடாதே என்று மூடியின் திருகை உதட்டில் கவ்வியிருந்தான். அதனால் சரியென்று தலையை மட்டும் ஆட்டினான். மூடியை மாட்டித் திருகி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

இப்போது அவன் வாயில் ஒன்றும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து, படுக்கையின் கைப்பிடியில் சுற்றியிருந்த நூலைப் பிரிக்க ஆரம்பித்தான்.