மைக் இல்லாத மாலுமி

முதலில் வால்தான் தெரிந்தது.

பிறகு முதுகு. நடுக்கடலில் ஒரு பாறை எழுவதுபோல எழுந்தது. ஏற்கெனவே தைத்திருந்த ஈட்டிகள் அதன்மேல் முள் முள்ளாக நின்றன.

அவள் போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

மார்த்தாண்டத்தில் வெள்ளிக்கிழமை மதியம். மாமியார் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டுகள் காயும் கொடிக்கு அடியில், இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

காதுக்குள் மூன்று ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருவன் ஜெனிஷ். அவள் கணவன். தோஹாவில் வேலை.

கப்பலில் அவளும் இருப்பது அவனுக்குத் தெரியாது.

லீவில் வந்திருந்தபோது அவன்தான் இந்த விளையாட்டை அவள் போனில் ஏற்றிப் பழக்கிக் கொடுத்தான். திரும்பிப் போனபின் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'டூட்டி' என்று ஒரு மெசேஜ் வரும். அந்த நேரத்திலெல்லாம் விளையாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

அதனால் 'கருவாடு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். மைக் ரிப்பேர் என்று எழுதிவிட்டு அவன் கப்பலில் சேர்ந்தாள்.

அவன் குரலைக் கேட்க வேறு வழி இல்லை.

கயிறு போடுவது அவள் வேலை. அந்தக் கடல் பூதம் களைத்ததும் ஒருவன் அதன் கழுத்தில் குதித்து ஈட்டியை இறக்குவான். அது திரும்புவதற்குள் கயிறு வீசி அவனை மேலே இழுக்க வேண்டும். பூதம் விழுங்கிவிட்டால் அவன் சேர்த்ததெல்லாம் போகும். கப்பல், கவசம், பெயருக்கு முன்னால் வாங்கிய பட்டம், எல்லாம்.

கருவாடு ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

பூதம் மறுபடி மூழ்கியது. அது எழும்வரை சும்மா இருக்க வேண்டும். ஃபைசல் கேட்டான்.

"லே ஜெனிஷ், வீட்டுக்குப் பேசினியா?"

"எங்கடே பேச? பேசினா அழுவா. குழந்தை கலைஞ்சு எத்தன மாசமாச்சு, இன்னும் அதே பாட்டு. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்கும்."

"பின்ன?"

"டூட்டின்னு போட்டாச்சு."

சிரித்தார்கள். மூன்றாமவன் விபினுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"கருவாடு, என்னலே ஒண்ணும் எழுதக் காணோம்?" என்றான் ஜெனிஷ்.

எல்லோரும் சிரிக்கும்போது பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

சிரிக்கும் முகம் ஒன்றை அவள் அனுப்பினாள்.

தண்ணீர் பிளந்தது. பூதம் மூச்சு வாங்கிக்கொண்டு கப்பலை ஒட்டி மிதந்தது. ஜெனிஷ் குதித்தான். ஈட்டி கழுத்தில் இறங்கியது. கடல் கறுத்தது.

"கயிறு!"

அவள் பெருவிரல் கயிற்றின் படத்துக்கு மேலே நின்றது.

"லே கருவாடு, போடுலே!"

பூதம் திரும்பியது. அதற்கு அவசரமே இல்லை.

"மக்கா, கயிறு. ப்ளீஸ்டா. மக்கா..."

அவன் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அவள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கெஞ்சியிருக்கிறாள், ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போங்க என்று.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாய் திறந்தது. மூடியது.

ஃபைசலும் விபினும் கருவாட்டைத் தாயோடு சேர்த்துத் திட்டினார்கள். ஜெனிஷின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவளைக் கப்பலிலிருந்து வெளியேற்றினார்கள்.

அவள் எழுந்து போய் ரப்பர் ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டாள். பாதி கொடிகூட முடியவில்லை, போன் அடித்தது.

அவன்தான்.

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"டூட்டி இல்லியா?"

"இல்ல. மனசு சரியில்ல. கூட இருந்த ஒருத்தன் ஏமாத்திட்டான். எல்லாம் போச்சு."

"யாரு?"

"உனக்குத் தெரியாது. விடு."

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றான். எழுந்து சாப்பிடச் சொன்னாள். அவன் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொடிக்கு அடியில் நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டு, உனக்கு உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டான். இத்தனை மாதங்களில் கேட்டதில்லை.

பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னதை அவனிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவன் அழுதான்.

மாமியார் எழுந்து வந்து காப்பிக்குக் குரல் கொடுத்தார். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ இல்லன்னா நான் என்ன ஆவேன் என்றான்.

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாள் கொஞ்ச நேரம் பேசினான். பிறகு அவள்தான் கூப்பிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது.

டூட்டி.

வேறு பெயரில் அவள் உள்ளே போனாள். ஜெனிஷ் ஒரு சின்னத் தோணியில் தனியாக மரம் பொறுக்கிக்கொண்டிருந்தான். துணைக்கு வரலாமா என்று எழுதிக் கேட்டாள். வாடே என்றான்.

அவனுக்காக மரம் வெட்டினாள். இரும்பு சேர்த்தாள். முத்துக் குளித்தாள். பாதி உனக்கு என்று அவன் சொன்னபோது, வேண்டாம், எல்லாம் நீயே வைத்துக்கொள் என்று எழுதினாள்.

"உன்னை மாதிரி ஒருத்தன் முன்னமே கிடைச்சிருக்கணும்டே."

தோணி கப்பலானது. கப்பலுக்கு இரண்டாவது பாய்மரமும் வந்தது. இப்போது பூதத்தைத் தேடிப் போகலாமா என்று அவன் கேட்டான்.

இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று எழுதினாள்.