பாசி வழுக்கிய படி

பெரிய கிணற்றில் விழுந்த ஒன்பது வயது அரியநாச்சியைக் குதித்துத் தூக்கியவர் காலனி சோணைமுத்து. மறுநாள் காலை அவரை ஊர்க்கூட்டத்தின் நடுவில் கைகட்டி நிற்க வைத்திருந்தார்கள். எங்கள் கிணற்றில் எப்படி இறங்கினாய், எங்கள் பிள்ளையை எப்படித் தொட்டாய் என்று ஊர் கொதித்தது. அவர்தான் தள்ளிவிட்டார் என்று பிள்ளை சொல்லிவிட்டால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடலாம். அப்பா ராசாங்கம் அதை மூன்று முறை சொல்லச் சொல்லி அவளைப் பழக்கியிருந்தார்.

"சொல்லுத்தா, ஒன்னைய யாரு தள்ளிவிட்டா?"

அரியநாச்சி சோணைமுத்துவைப் பார்த்தாள். "கழுத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க தாயி" என்று தண்ணீருக்குள் கெஞ்சியவர் இப்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் தள்ளலப்பா. படியில பாசி வழுக்கிருச்சு."

"பயப்படாமச் சொல்லு."

"பயமாத்தான் இருக்கு. ஆனா அவரு குதிக்காட்டி நான் செத்துருப்பேன்."

சோணைமுத்துவை அந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் 'அவரு' என்று சொன்னதில்லை. அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்பா அவளை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.