முத்தாரம்மனுக்கு மணி கட்டிய கதை

பொது இடத்தில் வாக்குச் சொல்கிற எவரும் கழுத்தில் சான்று மணி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆதாரம் இல்லாததை அடித்துச் சொன்னால் அது ஒலிக்கும். ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள்மேல்தான் முத்தாரம்மன் இறங்குகிறாள். அவள் வாக்குக்கு, மாட்டுக்குக் கட்டுவதுபோல் மணியா? ஆனாலும் கட்டிக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்று ஊரில் ஒருவனும் சொல்லக் கூடாது.

கோயில் கொடைத் திருவிழா அன்று நான் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தபோது, செல்லக்கனியை அவள் கொழுந்தன் கூட்டி வந்தான். கப்பல் வேலைக்குப் போன அவள் புருஷன் கப்பலோடு காணாமல் போய்விட்டான். தாலியைக் கழற்றச் சொல்லி மாமியார் நச்சரிக்கிறாள். அம்மன் சொன்னால் கழற்றுகிறேன் என்றாளாம் இவள்.

"அவன் போய்ட்டான்டி" என்றேன், அம்மனின் கனத்த குரலில். மணி ஒலித்தது.

"இல்லை, இருக்கான். வருவான்" என்றேன். அதற்கும் ஒலித்தது.

"ஆத்தா முதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும், அண்ணாச்சி" என்றான் மேளக்காரன். கூட்டம் சிரித்தது. என் அப்பா ஆடிய காலத்தில் ஒருவன் இப்படிப் பேசியிருப்பானா?

வேறு வழியில்லை. அதே கனத்த குரலில், "எனக்குத் தெரியாது" என்றேன். மணி அசையவில்லை.

செல்லக்கனி கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ஆத்தாளுக்கே தெரியலையாம். ஒங்க அம்மைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நான் அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். எங்கள் வீட்டு வாக்கை எதிர்த்து இன்றுவரை எவனும் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை.