மூச்சு விடாத வார்டு

ஹார்ட் ஆபரேஷன் கதைன்னதுமே நிமிர்ந்து உட்கார்ந்துட்டீங்களே! சிவப்பு லைட் எரியும், டாக்டர் வெளியே வந்து மெதுவா கண்ணாடியைக் கழட்டுவார், நாம அழலாம்னுதானே? கர்ச்சீஃபை உள்ளே வைங்க. இந்தக் கதையில இன்னும் யாரையும் தியேட்டருக்குள்ளேயே கொண்டு போகலை.

திருவனந்தபுரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நாளைக்கு நீலகண்டனுக்கு வால்வு மாத்தணும். வார்டு வாசல்ல, கழுத்துல 'பைஸ்டாண்டர்' அட்டையோட, அவர் பொண்டாட்டி சூடாமணி கொதிச்சுக்கிட்டிருந்தாள். நோயாளிக்குத் துணைக்கு இருக்கிறவங்களுக்கு அங்கே அதான் பேரு.

பக்கத்து நாற்காலியில அதே அட்டையோட இன்னொருத்தி. பேரு மீரா. மடியில ஃபிளாஸ்க்.

"கேட்டியா மீரா, காலம்பற ரவுண்ட்ஸ்ல ஜெயஷீலா டாக்டர், இவருக்கு எல்லாம் ரெடின்னு சொல்றா. உடனே அந்த ஷீஜா சிஸ்டர், 'நில்லுங்க மேடம், ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தியாச்சான்னு எனக்கு ஒரு சம்சயம்'ங்கறா."

"நிறுத்தலையா மாமி?"

"எப்பவோ நிறுத்தியாச்சு! வெறும் சம்சயம். நாலு பேர் முன்னாடி டாக்டரைத் தடுத்தா, ஒரு அதட்டல் வேண்டாமோ? இவ என்னடான்னா, 'தேங்க்ஸ் ஷீஜா, நாளைக்குத் தியேட்டர்லயும் இதே மாதிரி கேளு'ங்கறா! ஆபரேஷன் தியேட்டரா, சாலை மார்க்கெட்டா?"

மீரா சிரிச்சாள்.

"டாக்டர்னா மஹேஷ் டாக்டர்! போன மாசம் ஆஞ்சியோவுக்கு வந்தப்போ பார்த்தேன். அவர் உள்ளே நுழைஞ்சா வார்டே மூச்சு விடாது. ஒரே ஒரு கனைப்பு, அவ்வளவுதான்."

சூடாமணி புருவத்தைத் தூக்கி, தாடையை உள்ளே இழுத்து, "ம்ஹ்... ஹ்ஹும்!"னு கனைச்சுக் காட்டினாள்.

தூரத்துல போன அட்டெண்டர் ட்ராலியை நிறுத்திட்டு சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டார்.

மீராவுக்குச் சிரிப்பு அடங்கலை. கண்ல தண்ணியே வந்துடுச்சு. "அச்சு அசல் அவரேதான் மாமி!"

"இதோ பாரு, எனக்கு இருக்கிறது ஒரே புருஷன். மஹேஷ் டாக்டர்கிட்டயே மாத்திக் கொடுங்கோன்னு கேட்கப் போறேன்." சூடாமணி எழுந்தாள்.

மீரா சட்னு அவ முந்தானையைப் பிடிச்சாள். "வேண்டாம் மாமி."

"ஏன்? உன் ஆத்துக்காரருக்கு யாரு பண்றா?"

"ஜெயஷீலா டாக்டர்தான். வியாழக்கிழமை பைபாஸ்."

"அடப்பாவமே! நீயும் மாத்திக்கோடி. மஹேஷ் டாக்டருக்கு நேரமில்லேன்னா, அவர்கிட்டயே தொழில் கத்துண்டு வளர்ந்த ஜூனியர் டாக்டர் பசங்க ரெண்டு பேர் இருக்காளே!"

மீரா ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடியும் திருகினாள். அதுக்கு மேல பொறுக்க முடியலை.

"மாமி, மஹேஷ் டாக்டர்தான் என் வீட்டுக்காரர். அந்தப் பசங்க வேண்டவே வேண்டாம்னுட்டார். கத்தி தப்பாப் போனாக்கூட அவங்க தியேட்டர்ல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்களாம். எல்லாம் அவர் வளர்த்த வளர்ப்பு அல்லே?"